ராமென் கடையில் மல்லிகா கேட்டது

மாடிப்படி ஏறிக் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில் ஏதோ கூவினார்கள். நான் திடுக்கிட்டுப் பின்வாங்கி, எனக்குப் பின்னால் வந்த என் கணவர் மேலேயே இடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ‘வாங்க வாங்க’ன்னு சொல்றாங்க. யார் வந்தாலும் இப்டித்தான்” என்றான் பிரவீன்.

சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் இருந்தது, ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் அந்த ஜப்பானிய உணவகம். கீழே கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் கண்ணாடி லேசாக அதிரும். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏசிக் குளிரில், கோழி எலும்பு பலமணி நேரம் கொதித்த வாசனையும் வதங்கிய பூண்டின் வாசனையும் கலந்து நின்றன.

பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

சுவரோரம் நீள மேஜையில் ஏழெட்டு ஜப்பானியர்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு பேர் கம்பெனிச் சட்டையிலேயே இருந்தார்கள். ஆளுக்கொரு பெரிய கிண்ணம். அதன் மேல் குனிந்து, குச்சியால் நூடுல்ஸை அள்ளி வாயில் வைத்து, சர்ர்ரென்று உறிஞ்சினார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார். தலை நரைத்த ஒருவர் இழுத்த இழுப்பில் சூப் தெறித்து மூக்குக் கண்ணாடியில் பட்டது. அவர் துடைக்கக்கூட இல்லை.

படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், இப்படியா சாப்பிடுவார்கள் என்று நான் முகம் சுளித்தேன். பிறகு என் கணவரைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களால் அவர் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து பேர்

அன்று நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். நான், என் கணவர் தணிகாசலம், எங்கள் ஒரே மகள் யமுனா, அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பிரவீன், பிரவீனின் அம்மா மல்லிகா.

பிரவீன் ஜப்பானிய மொழி படித்தவன். நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளன். யமுனா அம்பத்தூரில் ஒரு ஐடி கம்பெனியில் இருந்தாள். இரண்டு பேரும் ஜப்பானிய வகுப்பில் பழகியவர்கள். இவள் மூன்று மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டாள், அவனை விடவில்லை.

மல்லிகா, கணவர் இறந்த பிறகு, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்து மகனைப் படிக்கவைத்தவர். அன்று ஊதா நிறப் புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் இரண்டு மாதமாக எங்களுடன் அவர் பேசவில்லை. மகன் கெஞ்சியதால் வந்திருந்தார்.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்ல, முதலில் என் கணவரின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்டக்டரின் வாய்

அவர் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். நிறுத்தத்தின் பெயரை அவர் சொன்னால் பின்சீட்டில் தூங்குகிறவருக்கும் கேட்கும். அந்த வாயில் எப்போதும் பாக்குப் பொட்டலம் ஒன்று அடங்கியிருக்கும். இடது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார், சண்டை போடுவார், சிரிப்பார்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே இடது கன்னத்தில் புண் வந்தது. ஆறவில்லை. தாடை எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் கீழுதட்டில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு பக்கம் சரியாக மூடாது. ரசமோ கஞ்சியோ வாயோரம் வழிவது அவருக்கே தெரியாது. வழியாமல் இருக்க, காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். அப்போது பெரிய சத்தம் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தார். எதிர் இலையில் இருந்த சின்னக் குழந்தை அவரைப் போலவே உறிஞ்சிக் காட்டியது. பெற்றவர்கள் அதட்டினார்கள். இவர் சிரித்தபடி எழுந்து கை கழுவப் போனார். அதன் பிறகு வெளியில் சாப்பிடவே இல்லை.

வீட்டிலும் சமையலறையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். யமுனா பத்து முறையாவது, “நம்ம வீட்லதானேப்பா, இங்க வந்து உக்காருங்க” என்று கூப்பிட்டிருப்பாள். “நீ சாப்புடும்மா” என்பதோடு சரி.

கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டது அவருக்கு வசதியாகப் போயிற்று. எல்லோரும் கழற்றிய பிறகும் இவர் கழற்றவில்லை. யாராவது கேட்டால் “தூசி” என்பார். பாக்கை மட்டும் அறுவைக்குப் பிறகு தொடவில்லை.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ஞாயிறு

பிரவீனைப் பற்றி யமுனா சொன்னபோது எங்கள் வீட்டில் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் குடும்பம், எஸ்டேட் வருவதற்கு முன்பே அம்பத்தூரில் நிலம் வைத்துப் பயிர் செய்தது. மல்லிகாவின் பெரியவர்கள் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு இறங்கியவர்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. “பையன் நல்லவன், உனக்குப் பிடிச்சா சரி” என்று மகளிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மல்லிகா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, முத்தாபுதுப்பேட்டை போனோம். இரண்டு அறை வீடு. வாசலில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை. உள்ளே மட்டன் குழம்பு, கோழி வறுவல், வடை, பாயசம். இரண்டு நாளாகச் சமைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

இலை போட்டார். என் கணவர் மாஸ்க்கைக் கழற்றாமல் இலை முன்னால் உட்கார்ந்து, “வயிறு சரியில்லமா, மன்னிச்சிக்க” என்றார். வாய் விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு அவர் போட்டிருந்த உத்தரவு.

மல்லிகாவின் முகம் சுருங்கியது. “அப்ப நீங்களாவது வாங்கண்ணி” என்று என்னைப் பார்த்தார்.

“இன்னிக்குக் கிருத்திகை. நான் ஒண்ணும் சாப்பிடறதில்லை” என்றேன்.

“அடடே, தெரியாம கறி எடுத்துட்டேனே. ரசம் கீது, அப்பளம் பொரிச்சித் தரேன்.”

“உப்பே சேத்துக்கறதில்லை.”

“தண்ணியாவது குடிங்க” என்று சொம்பை நீட்டினார். நான் கைப்பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

யமுனா மட்டும் சாப்பிட்டாள். எல்லோருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறவள் போல, தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலமே மல்லிகா போன் செய்தார். குரல் உயரவில்லை. “பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க. எலையப் போட்டு ஒக்கார வெச்சி, ஒரு பருக்க தொடாம எயுந்து போனா இன்னா அர்த்தம்?” என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. யமுனா அழுதாள். “அப்பாவுக்கு வாய் அப்படி. அதைச் சொல்லவும் விடமாட்டேங்கறார். நான் என்னடி செய்யறது?” என்றேன். அவள் நம்பினாள். அப்பா மேல் கோபப்பட்டாள், பிறகு அந்தக் கோபத்துக்காக அழுதாள்.

கடைசியில் அவருடைய உத்தரவை மீறி, பிரவீனிடம் மட்டும் சொல்லிவிட்டாள். அந்தப் பையன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “அங்கிளை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்” என்றானாம். மகளுக்காக என் கணவரும் வரச் சம்மதித்தார்.

டிபன் பாக்ஸ்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்திரிகைத் தொடரில், எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த ஆபீஸ் நாட்களைப் பற்றி எழுதியபோது ஒரு வாசகி கேட்டிருந்தார்: “மெஷின் சத்தம் முதல் மழைத் தண்ணீர் தேங்கியதுவரை எழுதுகிறீர்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டதைப் பற்றி ஒரு வரி இல்லையே?”

போல்ட், நட் செய்யும் சின்னக் கம்பெனி அது. ஆபீஸில் ஆறு பெண்கள். மதியம் மேஜை மேல் பழைய செய்தித்தாள் விரித்து டப்பாக்களைத் திறப்போம். மூடிகளில் கூட்டும் வறுவலும் கைமாறும். நானும் கொடுப்பேன், வாங்குவேன். ஆனால் யாருடைய டப்பாவில் கைவைப்பேன், யாருடையதில் வைக்கமாட்டேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “எனக்கு ஒத்துக்காது, அசிடிட்டி” என்பேன். மரியாதையாகத்தான் சொல்வேன்.

சாரதா என்று ஒரு பெண். அவள் செய்யும் மீன் வறுவலுக்கு ஆபீஸே காத்திருக்கும். ஒரு நாள், “ராத்திரி சாப்பிடுங்கக்கா” என்று இரண்டு துண்டு மீனை என் டப்பாவிலேயே வைத்துவிட்டாள். அதை நான் பஸ் நிறுத்தத்தில் நாய்க்குப் போட்டேன். மறுநாள் அவள், “எப்டி இருந்துச்சு?” என்று கேட்டாள். “நல்லா இருந்துச்சு” என்றேன். அதற்குப் பிறகும் அவள் பலமுறை வைத்தாள். நானும் பலமுறை நாய்க்குப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

கிண்ணம் வந்தது

படம் போட்ட மெனு அட்டையைப் பிரவீன் பிரித்துக் காட்டினான். பன்றி எலும்பு சூப், கோழி சூப், சோயா விழுது போட்டது என்று வரிசையாக இருந்தன. மல்லிகா, “நூடுல்ஸ்தான? இதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய கிண்ணம்?” என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. எல்லோருக்கும் கோழியே சொன்னான்.

கிண்ணம் வந்தது. இரண்டு கையாலும் பிடிக்கும் அளவு கனம். வெளுத்த மஞ்சள் நிறச் சூப், மேலே எண்ணெய் வட்டங்கள், மெல்லிய கோழித் துண்டுகள், வெங்காயத்தாள், கறுப்புக் காகிதம் போல ஒரு கடற்பாசித் தாள். பாதி முட்டையில் மஞ்சள் கரு இறுகாமல் தளதளத்தது. எனக்குப் பிடித்திருந்தது. நம்முடைய ஆட்டுக்கால் சூப்புக்குத் தூரத்துச் சொந்தம் போலிருந்தது.

என் கணவரைப் பார்க்காமல் இருக்க நாங்கள் முயன்றோம். யமுனா குச்சியைப் பிடிக்கத் தெரியாதவள் போல அதனுடன் மல்லாடினாள். பிரவீன் மட்டும் சாதாரணமாக, “சூடா இருக்கு அங்கிள். உறிஞ்சித்தான் சாப்பிடணும். இல்லன்னா நாக்கு போயிடும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரர்களைத் தோற்கடிக்கிறவன் போல ஓர் இழுப்பு இழுத்தான்.

நரைத்த ஜப்பானியர் மறுபடி இழுத்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் மாஸ்க்கைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கைத்துண்டை மடியிலிருந்து எடுத்து மார்பில் செருகிக்கொண்டார். நூடுல்ஸை முள்கரண்டியால் சின்னதாக அறுத்து, கரண்டியில் சூப்போடு அள்ளி, உறிஞ்சினார்.

பெரிய சத்தம். ஆனால் அந்தக் கடையில் அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். வாயோரம் வழிந்தது. துடைத்துக்கொண்டார். மறுபடி அள்ளினார். யமுனா கை கழுவுவதாகச் சொல்லி எழுந்து போனாள். கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

மல்லிகா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். தையல் தடம் ஓடும் அந்தக் கன்னத்தையும், மூடாத உதட்டையும் பார்த்தார். நிறைய சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்த கண்கள். அவருக்கு யாரும் விளக்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு போன்ல நான் பேசினத மனசுல வெச்சிக்காதீங்க” என்றார்.

“நீ இன்னாமா பண்ணுவ? சொல்லாம வுட்டது நாங்க” என்றார் இவர். பிறகு பிரவீனிடம், “அந்த முட்டைய எப்டி வேக வெக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லு நைனா. எனக்கு அது தோதா கீது” என்றார். பிரவீன் அவரை எழுப்பிச் சமையல் மேடைப் பக்கம் கூட்டிப்போனான். உள்ளே மணிப்பூர்ப் பையன்கள் இரண்டு பேர் கொதிக்கும் அண்டாவிலிருந்து நூடுல்ஸை வடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்க் இல்லாத முகத்தோடு இவர் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மல்லிகா கேட்டது

மேஜையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மல்லிகா தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரை ஓசையில்லாமல் வைத்தார்.

“அண்ணனுக்கு வாயி. உங்களுக்கு இன்னா அண்ணி?”

எனக்கு உடனே புரியவில்லை என்று எழுத ஆசை. உடனே புரிந்தது.

“அன்னிக்குக் கிருத்திகை...”

“அன்னிக்குக் கிருத்திகை இல்ல. எங்க ஊட்லயும் காலண்டர் கீது. நானும் வருஷா வருஷம் திருத்தணிக்குப் போறவதான். நீங்க சொன்னதும் ஒருவேள நாந்தான் தப்பா பாத்துட்டனோன்னு, நீங்க போனப்பறம் போய்ப் பாத்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லை” என்றேன்.

“அப்ப?”

“பழக்கம்.”

சொன்ன பிறகு அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று எனக்கே கேட்டது. மல்லிகா சமையல் மேடைப் பக்கம் பார்த்தார்.

“அண்ணனுக்குங்கூட பாக்கு பழக்கந்தான். யமுனா முன்னயே சொல்லிச்சி. தாடை போனப்பறந்தான் வுட்டாருன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார். “நீங்க எப்ப வுடுவீங்க?”

அதற்குள் யமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். “என்ன ரெண்டு பேரும் ரகசியம்?” என்றாள். மல்லிகா, “ஒண்ணுமில்ல கண்ணு, முட்டைய பத்திப் பேசிக்கினு கீறோம்” என்றார்.

பாதிக் கிண்ணம் மீதியிருந்தது. அதற்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

புதன்கிழமை

திரும்பி வரும்போது நானும் என் கணவரும் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மல்லிகா கேட்டதை வழியிலேயே அவரிடம் சொன்னேன். சாரதாவின் மீனையும் சொன்னேன். முப்பது வருடத்தில் அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவரே, “முத்தாபுதுப்பேட்ட போலாமா?” என்றார். சொல்லிக்கொள்ளாமல் போனோம். மல்லிகா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “இன்னிக்கு ஒண்ணும் பண்ணலியே. காலைல வெச்ச கருவாட்டுக் கொயம்புதான் கீது” என்றார்.

“அது போதும்” என்றேன்.

தட்டில் சோறு போட்டார். என் கணவருக்குக் குழைய வடித்துப் பிசைந்து, பக்கத்தில் ஒரு துண்டையும் வைத்தார். எதிரில் உட்காராமல், எங்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தானும் ஒரு தட்டு போட்டுக்கொண்டார். என் கணவர் உறிஞ்சிச் சாப்பிட்டார்.

உண்மையை எழுதுவதென்றால், முதல் கவளம் எனக்குத் தொண்டையில் நின்றது. குழம்பு ருசியாக இருந்தது, அதுவும் தெரிந்தது. தெரிந்தும் உடம்பு மறுத்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அதற்கு நான் சொல்லிக்கொடுத்திருந்ததை அது செய்தது. தண்ணீர் குடித்தேன், அந்த வீட்டுச் சொம்பிலிருந்து. இரண்டாவது கவளம் இறங்கியது. மல்லிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதவி செய்யவில்லை. உதவி செய்யாதது சரி என்று இப்போது நினைக்கிறேன்.

தட்டு காலியானதும், “இன்னும் கொஞ்சம் போடவா?” என்றார்.

“போடுங்க.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் என் கணவர் உட்காரவில்லை. மணமகன் அறையில் பிரவீனின் நண்பர்களோடு சாப்பிட்டார். மல்லிகாவும் நானும் இப்போது மாதம் இரண்டு முறையாவது ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம். அந்தக் கேள்வியைப் பற்றி அவர் யமுனாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிரவீனிடமும் இல்லை.

இதை அனுப்புமுன்

யமுனா இதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. போன வாரம் பூந்தமல்லியில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் மடித்தாள்.

“அந்தப் பாட்டில் தண்ணி? அதுவுமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“அத்தைகிட்ட உனக்காக எத்தனை தடவ பேசியிருக்கேன் தெரியுமா? எங்கம்மா அப்படியெல்லாம் கிடையாதுன்னு.” இன்னொரு சட்டையை எடுத்தாள். “அப்பா வாயை நீ சாக்கா வெச்சிக்கிட்ட, இல்ல?”

அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. நான் செய்தால், “மீட்டிங்ல இருக்கேன்மா” என்கிறாள்.

நேற்று இந்த அத்தியாயத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடித்ததும், “பஸ்ல நான் சொன்னத எழுதலியா?” என்றார்.

“அது உங்க விஷயம். நான் எழுதறது சரியில்லை” என்றேன்.

“எழுது. பொண்ணு உன்ன மட்டும் திட்டிக்கினு கீது.”

எழுதிவிட்டேன். அன்று பஸ்ஸில் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஆவடி நெருங்கும்போது அவர் சொன்னார்:

“வாயி நல்லா இருந்திருந்தாலும் அன்னிக்கு நான் அந்த ஊட்ல சாப்ட்டிருக்க மாட்டேன், வசந்தா.”